வீல் சத்தம் என்றதும் ‘பேரிங் போச்சு’ என்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

என் காரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ‘ஊம்ம்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. வேகம் கூடினால் சத்தமும் கூடும். முன் வீலிலிருந்து வருகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை அப்படியே ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னேன். என் முதல் தப்பு அது. நோய் என்ன என்று நானே சொல்லிவிட்டேன், அவர்கள் மருந்து எழுதிவிட்டார்கள்.

அந்த மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்க்கவே இல்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, வீலைக் கையால் இரண்டு சுற்று சுற்றினார். “பேரிங் போச்சு சார். ஒரு பக்கம் மாத்தினா அடுத்த மாசம் இன்னொரு பக்கம் போகும். ரெண்டையும் மாத்திடலாம்” என்றார். (வீல் லேசாகச் சுற்றுவதற்காக அதன் நடுவில் இருக்கும் பாகம்தான் பேரிங்.) சரி என்றேன். சாயங்காலம் இரண்டு பேரிங், இரண்டு பக்கக் கூலி என்று பில் வந்தது. பழைய பேரிங்கைக் கேட்டேன். “ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே தெரிந்துவிட்டது, சத்தம் துளிகூடக் குறையவில்லை. போன் செய்தேன். “புது பேரிங் செட் ஆகணும், கொஞ்சம் ஓட்டுங்க” என்றார்கள். பேரிங் அப்படியெல்லாம் செட் ஆகாது. நல்லதாக இருந்தால் முதல் கிலோமீட்டரிலிருந்தே சத்தமில்லாமல் சுற்றும். அன்றைக்கு எனக்கு இது தெரியாது. இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போனபோது, “அப்படின்னா டிரைவ் ஷாஃப்ட்டா இருக்கும், அதையும் பாத்துடலாம்” என்றார்கள். (இன்ஜினிலிருந்து வீலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு அது.) நல்லவேளை, அன்று கையில் பணமில்லை.

மறுநாள்தான் உண்மையிலேயே பயந்தேன். ஸ்டியரிங் கையில் ஆடியது, முன்னாலிருந்து ‘டக் டக்’ என்று இடித்தது. ஓரங்கட்டி வீல் நட்டைத் தொட்டுப் பார்த்தால் இரண்டு நட்டு விரலாலேயே சுழன்றன! வேலை முடித்து மாட்டியவர் சரியாக முடுக்கவே இல்லை. இந்த மாதிரி இடிக்கும் சத்தமும் ஸ்டியரிங் ஆட்டமும் சேர்ந்து வந்தால், ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று ஓட்டவே கூடாது. வண்டியிலிருந்த ஸ்பேனரால் எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முடுக்கிவிட்டு, மெதுவாக வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். இப்போதெல்லாம் வீலைக் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டை இன்னொரு தடவை முடுக்கிப் பார்த்துவிடுகிறேன்.

இந்த மெக்கானிக் முதலில் கேட்டது வண்டிச் சாவியைத்தான். நட்டுகளைச் சரியான அளவுக்கு முடுக்க உதவும் டார்க் ஸ்பேனர் வைத்து முடுக்கிவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினார். சத்தம் வந்ததும் நியூட்ரலில் போட்டார். இன்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தது. ஆக, இன்ஜின் இல்லை. ஆளில்லாத சாலையில் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக மெல்ல வளைத்தார். இடப்பக்கம் வளைக்கும்போது வண்டியின் பாரம் வலப்பக்க வீல்களில் இறங்கும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகப்படலாம், எதிர்ப்பக்கம் வளைத்தால் இதற்கு நேர்மாறு. எங்களுக்கு எந்தப் பக்கமும் மாறவில்லை. ஆனால் வழவழப்பான புதுத் தார் வந்ததும் சத்தம் பாதியாக இறங்கியது. “பேரிங்குக்கு ரோடு எப்படி இருந்தா என்ன? டயருக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்” என்றார்.

பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவச் சொன்னார். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கியது, திருப்பித் தடவினால் ரம்பப் பல் மாதிரி கையில் கீறியது. அலைன்மென்ட், அதாவது வீல்கள் நிற்கும் கோணம், விலகிப்போய், டயரை இடம் மாற்றாமலே நெடுநாள் ஓட்டியதால் வந்த தேய்மானம் அது. (அந்தப் பழி முழுக்க என்னுடையதுதான்.) முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டினோம். சத்தம் என் காலடிக்கே வந்துவிட்டது. அதுவரை முன்னால் கேட்பதாக நினைத்ததெல்லாம் பாடி வழியாகக் கடந்து வந்த பின் டயர் சத்தம்.

டயர் மாற்றும்போதுதான் அவர் இன்னொன்றையும் காட்டினார். என் வண்டியில் முன் பேரிங்கை மாற்ற வேண்டுமென்றால் நடுவிலுள்ள பெரிய ஹப் நட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அது தானாகக் கழலாதபடி அதன் விளிம்பை உளியால் தட்டி மடக்கியிருப்பார்கள். ஒரு பக்கம் புது நட்டு பளபளத்தது. மறுபக்கம் மடிப்பு நிமிர்த்தப்படாமல், பழைய துரு படிந்து, ஸ்பேனர் பட்ட தடமே இல்லாமல் இருந்தது. ஒரு பேரிங்கை மாற்றிவிட்டு இரண்டுக்குப் பில் போட்டிருக்கிறார்கள். அந்த ஒன்றும் தேவையில்லாதது.

எல்லா வீல் சத்தமும் டயர்தான் என்று நான் சொல்லவரவில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘கடக் கடக்’ என்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் முனையில் வளைந்து சுற்றும் இணைப்பான சிவி ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். கீச்சென்ற சத்தம் பிரேக்கைத் தொட்டதும் மாறினால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். ஜல்லிச் சாலையில் போய்வந்த பிறகு திடீரென்று உலோகம் உரசினால், டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் நடுவே சின்னக் கல் ஏதாவது சிக்கியிருக்கும். எடுத்துவிட்டால் தீர்ந்தது. இதில் எதுவாக இருந்தாலும் மெக்கானிக் உங்களோடு உட்கார்ந்து சத்தத்தைக் காதால் கேட்காமல் ஸ்பேனரைத் தொட விடாதீர்கள். பழைய பாகம் வேண்டும் என்பதை வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்.

துருப்பிடித்த நட்டைப் படமெடுத்துக்கொண்டு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த முதலாளி, “பையன் பில்லுல தப்பா போட்டுட்டான்” என்று ஒரு பேரிங்கின் காசை எண்ணிக் கொடுத்தார். கூலியைப் பற்றிக் கேட்டபோது வேறு யாருக்கோ போன் செய்ய ஆரம்பித்துவிட்டார்.