புரூக்ஸ் அருவி லைவ் கேமரா: கரடிய பாக்கப் போனாலும் மீனையும் கவனிங்க

அலாஸ்கால கட்மாய் தேசியப் பூங்கால இருக்கற புரூக்ஸ் அருவிய எக்ஸ்ப்ளோர் டாட் ஆர்க்ங்கற வெப்சைட்ல 2012லேர்ந்து லைவா காட்டிட்டு வர்றாங்க, பாக்க காசு கிடையாது. காட்டு விலங்கு பத்தி எடிட் பண்ணாம, பின்னணி இசை போடாம பாக்கணும்னா நான் முதல்ல சொல்றது இதத்தான்.

அருவி சின்னதுதான், 6 அடி இருக்கும். ஆனா பசிபிக் கடல்லேர்ந்து நக்நெக் ஆறு, நக்நெக் ஏரின்னு நீந்தி வந்து மேல இருக்கற புரூக்ஸ் ஏரிக்குப் போற சாக்ஐ சால்மன் மீன் எல்லாம் இதத் தாண்டியே ஆகணும், அதனால ஜூலைல உச்சில ஒரு பழுப்புக் கரடி வாயத் திறந்துட்டு நிக்கும், கீழ நுரைக்குள்ள இன்னொண்ணு கழுத்து வரைக்கும் முங்கி உக்காந்திருக்கும்.

எல்லாரும் கரடியத்தான் பாக்கறாங்க. எனக்கு என்னவோ கரடியையும் மீனையும் சேத்துப் பாத்தாதான் இந்த கேமராவோட அருமை தெரியுதுன்னு தோணுது. ஏன்னா 450 கிலோவத் தாண்டற ஆண் கரடியும் ரெண்டு மூணு கிலோ மீனும் நம்பி இருக்கறது ஒரே விஷயத்த, சேத்து வச்ச கொழுப்பு. சால்மன் ஆத்துக்குள்ள வந்தப்புறம் சாப்பிடறதே இல்ல, கடல்ல சேத்ததுலதான் நீந்தி, அருவி தாண்டி, முட்டைய வளத்து, வாலால கூழாங்கல்ல தோண்டி முட்டை போட்டு, அப்புறம் செத்துடும், குஞ்சு முகத்தப் பாக்கவே பாக்காது. அந்த கொழுப்புதான் கரடிக்குப் போகுது. பெண் கரடி கோடைத் தொடக்கத்துலயே இணை சேந்தாலும் கரு உடனே வளராது, இலையுதிர் காலத்துல உடம்புல போதுமான கொழுப்பு இருந்தாதான் வளரும், அப்புறம் நடுக்குளிர்ல குகைக்குள்ள குட்டி போட்டு, ஒண்ணும் சாப்பிடாமலே பால் குடுக்கும், அதுக்கப்புறமும் ரெண்டு வருஷத்துக்கு மேல கூடவே வச்சு வளக்கும். ஒண்ணு ஆயிரக்கணக்குல முட்டை போட்டுட்டு செத்துப்போகுது, இன்னொண்ணு ரெண்டு மூணு குட்டிக்காக உசுர குடுத்து காவல் காக்குது.

மீனைப் பாக்க தண்ணிக்கு அடில தனியா ஒரு கேமரா இருக்கு, தயவுசெஞ்சு அதத் திறந்து பாருங்க. கடல்ல வெள்ளி நிறமா இருந்த மீன் உடம்பு சிவந்து தலை பச்சையாகி இருக்கும், சதைல இருந்த நிறமிதான் தோலுக்கு வந்துடுது, ஆணுக்கு முதுகு கூனி தாடை வளைஞ்சிடும். இவ்வளவு அழகா இருந்தும் ஒரு மீனுக்கும் பேர் கிடையாது. கொழுத்த கரடி எதுன்னு 2014லேர்ந்து ஓட்டெடுப்பு நடத்தறாங்க, இப்ப அதுக்கு 'ஃபேட் பேர் வீக்'னு ஒரு வாரமே ஒதுக்கறாங்க, ஓட்டிஸ்ங்கற கரடி 4 தடவ ஜெயிச்சுது, 2023லயும் 2024லயும் கிரேசர்ங்கற பெண் கரடி. மீனுக்கும் ஒரு வாரம் ஒதுக்கியே ஆகணும்னு நான் நினைக்கறேன்.

சின்னப் பிள்ளைங்களோட பாக்கறவங்க கவனிக்கணும், இது நிஜ காடு. 2024ல கிரேசரோட குட்டி அருவில அடிச்சிட்டு வந்தப்ப சங்க்னு ஒரு பெரிய ஆண் கரடி தாக்கி அது செத்துப்போச்சு. அந்த வருஷ ஓட்டெடுப்போட ஃபைனல்ல கிரேசர் ஜெயிச்சது அதே சங்க்கதான்.

மீன் அருவிய தாண்டிப் பாயறத பாக்க ஜூலை, முட்டை போடறதும் கரடி உப்பிப் போயிருக்கறதும் பாக்க செப்டம்பர். ஆகஸ்ட்ல பெரும்பாலான கரடிங்க வேற ஓடைங்களுக்குப் போயிடும், குளிர்காலத்துல பழைய பதிவுதான் ஓடும்.