சந்தை சரியும்போது ஓய்வுக்காலப் பணம்: எடுப்பதா, திருப்புவதா, விட்டுவிடுவதா?

2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் மும்பை பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 3,934 புள்ளி சரிந்து 25,981-இல் முடிந்தது. இரண்டு மாதம் முன்புதான் 42,000-ஐத் தாண்டியிருந்தது. ஜனவரி உச்சத்தில், இந்தக் குறியீட்டையே பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்டில் 20 லட்சம் வைத்திருந்தவரின் கணக்கு அன்று மாலை சுமார் 12.3 லட்சம் காட்டியது. இதுபோன்ற நாளில் எல்லோருக்கும் தோன்றும் மூன்று வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் வழி, இருப்பதை எடுத்து ஃபிக்ஸட் டெபாசிட்டில் போடுவது. மனசுக்கு உடனே நிம்மதி. ஆனால் பொருளாதாரம் சரியும்போது வட்டியும் கூடவே சரியும். அந்த மே மாதமே ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்துக்கு இறக்கியது. தாராளமாக 6 சதவீதம் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். 12.3 லட்சம் மறுபடி 20 லட்சமாக எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். குறியீடோ எட்டே மாதத்தில், அந்த நவம்பரில், பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது.

2020 மட்டுமே சாட்சி என்றால் வழக்கு இங்கேயே முடிந்திருக்கும். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே போய், திரும்பி வர 2010 நவம்பர் ஆனது. ஜப்பான் கதை இன்னும் மோசம். 1989 டிசம்பர் உச்சத்தை அந்நாட்டுப் பங்குக் குறியீடான நிக்கேய் மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 'பொறுத்தால் மீளும்' என்று சொல்பவர்கள் எத்தனை வருஷம் என்று சொல்வதில்லை.

இரண்டாவது வழி, பழைய பணத்தைத் தொடாமல் புதிதாகப் போடுவதை மட்டும் பி.எஃப். பக்கம் திருப்புவது. மாதச் சம்பளக்காரர் கூடுதல் தொகையைத் தன்னார்வ பி.எஃப்.பில் போடலாம். வட்டி 2019-20-இல் 8.5 சதவீதம், பிறகு 8.1 வரை இறங்கி, 2024-25-க்கு 8.25. யாரும் சேரக்கூடிய பொது வருங்கால வைப்பு நிதியான பி.பி.எஃப். 2020 ஏப்ரலில் 7.9-இலிருந்து 7.1-க்கு வந்தது, அப்படியே நிற்கிறது. இவற்றின் பெரிய பலம், என்னைக் கேட்டால், தினமும் விலை காட்டாததுதான். காட்டாததைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. குறை என்னவென்றால், பங்கு மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் வாங்காமல் நகர்ந்துவிடுகிறோம். நானே அந்த ஏப்ரலில் எஸ்.ஐ.பி.யை (மாதாமாதம் ஃபண்டில் தானாகப் போகும் தொகையை) நிறுத்தி, எல்லாம் ஏறிய பிறகு அசட்டுத்தனமாகத் தொடர்ந்தவன்.

பி.எஃப்.பில் வேறொரு ஆபத்தும் உண்டு. 2020-இல் இருப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், இதில் எது குறைவோ அதை எடுக்க அனுமதித்தார்கள். வேலை போனவருக்கு அது உயிர் காத்த பணம். ஆனால் 'கிடைக்கிறதே' என்று எடுத்தவர்களையும் பார்த்தேன். அன்று எடுத்த 1 லட்சம், 8.25 சதவீதம் நீடித்தால், 20 ஆண்டில் ஏறக்குறைய 4.9 லட்சம்.

கடன் பத்திரங்களில் பணம் போடும் கடன் ஃபண்டும் பாதுகாப்புதானே என்று சிலர் அங்கே போனார்கள். 2020 ஏப்ரலில் ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நேரத்தில் மூடியது. பணம் பின்னர் தவணைகளில் வந்தது, வேண்டிய அன்றைக்கு வரவில்லை.

மூன்றாவது வழி, எஸ்.ஐ.பி.யை அப்படியே ஓடவிடுவது. 35, 40 வயதில், வேலை உறுதியாக இருந்து, ஆறு மாதச் செலவு கையில் தனியாக இருந்தால் இதற்கே என் ஓட்டு. வேலை ஆட்டம் காணும்போது 'நிறுத்தாதே' என்று அறிவுரை சொல்வதில் அர்த்தமில்லை. முதலில் வாடகை, அப்புறம்தான் எஸ்.ஐ.பி.

58, 60 வயதில் கணக்கே மாறுகிறது. 50 லட்சமும் பங்கில் இருக்க, மாதம் 30,000 எடுப்பவரை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 3.6 லட்சம், அதாவது 7 சதவீதம். அதுவே அதிகம்தான். 2020 போன்ற சரிவில் 50 லட்சம் 31 லட்சமாகிவிட்டால், எடுப்பது கிட்டத்தட்ட 12 சதவீதம். செலவுக்காக அடிமாட்டு விலைக்கு விற்ற ஃபண்டு யூனிட்டுகள், சந்தை மறுபடி ஏறும்போது கையில் இருக்காது. ஓய்வு பெற்ற முதல் சில ஆண்டுகளில் வரும் சரிவு இதனால்தான் பொல்லாதது.

அவருக்கு நான் சொல்வது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 2023 ஏப்ரலில் உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமானது. அப்போது வந்த 8.2 சதவீதத்தில் 30 லட்சம் போட்டவருக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய், மாதக் கணக்கில் 20,500. சேரும்போது உள்ள வட்டி ஐந்தாண்டுக்கு மாறாது. மீதி 20 லட்சம் பங்கில் ஆடட்டும். மாதம் 9,500 மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தால் போதும்.

வயது ஏற ஏறப் பங்கைக் குறைக்கும் இந்த மாற்றத்தைத் தானாகச் செய்வது தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ். அதன் மிதமான தானியங்கித் தேர்வில் 35 வயது வரை பாதி பங்கு, பிறகு ஆண்டுக்கு 2 சதவீதம் குறைந்து 55-இல் 10 சதவீதம். சந்தையைப் பார்த்தாலே கை பதறுபவருக்கு இது நல்லது. ஆனால் அது பிறந்தநாளைப் பார்த்துக் குறைக்கிறது, சந்தையைப் பார்த்து அல்ல. அந்த வருஷம் சரிவாக இருந்தாலும் விற்கத்தான் செய்யும்.