சுங்கை சிப்புட் ஆங்கில மாலை வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் கடைவரிசை ஒன்றின் மாடியில் நடைபெறும் ஆங்கில டியூஷன் வகுப்பில், ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்பிஎம் அரசுத் தேர்வை எழுதவிருக்கும் என் மகள் இவ்வாண்டுத் தொடக்கம் முதல் படித்து வருகிறாள். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை அனுப்ப எண்ணும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

இவ்வகுப்பின் பலம் சொற்களைக் கற்பிக்கும் முறையில் இருக்கிறது. பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாமல், பொருளால் நெருங்கிய இரு சொற்களை எடுத்து, எது எங்கே பொருந்தும் என்று ஆசிரியை நிதானமாக விளக்குகிறார். பெற்றோரும் அமர்ந்து கேட்ட ஒரு வகுப்பில் ‘பெல்லிஜரண்ட்’ (belligerent), ‘பெல்லிகோஸ்’ (bellicose) ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கும் வேர், போரைக் குறிக்கும் ‘பெல்லும்’ என்ற லத்தீன் சொல். அகராதியிலும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் கிடைக்கும். ஆனால் முன்னதில் ‘நடத்துதல்’ என்னும் வினையும் கலந்திருப்பதால், அது சண்டையில் இறங்கிவிட்ட தரப்பையும் எதிரே நிற்பவரிடம் மல்லுக்கு நிற்கும் நடத்தையையும் சுட்டும் என்றும், பின்னது போரை விரும்பும் மனப்போக்கையும் பேச்சையும் சுட்டும் என்றும் பிரித்துக் காட்டினார். கல்லாவில் இருப்பவரிடம் எகிறும் வாடிக்கையாளருக்கு முதற்சொல். படையெடுப்போம் என முழங்கும் தலைவரின் உரைக்கு இரண்டாவது. அத்தலைவர் எவ்வளவு முழங்கினாலும், போரில் இறங்காதவரை அவருடைய நாடு சட்டப்படி ‘பெல்லிஜரண்ட்’ ஆகிவிடாது; போர் விதிகளை வகுத்த 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைகள் போரிடும் நாடுகளையும் நடுநிலை நாடுகளையும் பிரித்தே பேசுகின்றன.

அடுத்த எடுத்துக்காட்டு நம் ஊரிலிருந்தே வந்தது, அதுவே என்னை மிகவும் கவர்ந்தது. 1948 ஜூன் 16 அன்று இவ்வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அத்தனை ஆண்டுகள் துப்பாக்கிச் சண்டை நடந்தும் ஆங்கிலேய அரசு அதைப் போர் என்று அழைக்கவில்லை. காட்டிலிருந்து அவ்வரசை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்டுகளை முதலில் கொள்ளையர் என்றும், 1952 முதல் கம்யூனிஸ்டு பயங்கரவாதிகள் என்றும்தான் குறிப்பிட்டது. போரிடும் தரப்பு என்ற தகுதியை அவர்களுக்குத் தர மறுத்ததுதான் இதன் உட்பொருள் என்று ஆசிரியை சொன்னபோது, தாத்தா பாட்டியிடம் அவசரகாலக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

கட்டுரைத் திருத்தம் மட்டும் போதவில்லை. என் மகளின் நோட்டுப் புத்தகத்தில் பிழைகளின் கீழ் சிவப்புக் கோடுகள் இருக்கின்றன. ஏன் பிழை என்ற குறிப்பு அரிதாகவே காணப்படுகிறது. மாணவர் எண்ணிக்கை கூடியதே காரணமென்று நினைக்கிறேன். பேச்சுத் தேர்வுக்கும் இங்கே பயிற்சி இல்லை. அதற்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கட்டணம் நியாயமானது. ஐந்தாம் படிவத்தில் புதியவர்களுக்கு இடம் கிடைப்பது கடினமென்பதால், நான்காம் படிவத் தொடக்கத்திலேயே பெயரைப் பதிந்துவிடுவது நல்லது.