மூன்று கை மாறி வந்த ஸ்போர்ட்ஸ் காரும் மூன்று வருடப் பில்களும்

இதை எழுத உட்காரும் முன் பில்களை எல்லாம் தரையில் பரப்பிக் கூட்டிப் பார்த்தேன். 3 வருடம், 21,000 கிலோமீட்டர். பெட்ரோலையும் இன்சூரன்ஸையும் விட்டுவிட்டால், வண்டி வாங்கிய விலையில் பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கிறது கணக்கு. பயந்துவிட வேண்டாம், அதில் பாதிக்கு மேல் முதல் 8 மாதத்தில் போன பணம், அதற்குப் பிறகு வந்த செலவு தாங்கக்கூடியதுதான். ஆனால் அந்த 8 மாதம் இருக்கிறதே, அதைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது, அப்படி ஒரு மயக்கத்தில் இருந்தேன்.

எந்த மாடல் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று பேச்சு திசை மாறிவிடும். 2 கதவு, 6 சிலிண்டர், மேனுவல் கியர், பின்சக்கரத்தில் இழுவை. வாங்கும்போது வண்டியின் வயது 14, எனக்கு முன்னால் 3 ஓனர்கள், மொத்தம் ஓடியிருந்தது 38,000 கிலோமீட்டர். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் விழுந்தேன். வருடத்துக்கு 3,000 கூட ஓடாத வண்டி, புதுசு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது.

நிற்கிற கார் தேயாது, ஆனால் காயும். ரப்பர் எதுவாக இருந்தாலும் அதற்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, வருடக் கணக்குதான். சஸ்பென்ஷன் புஷ், எஞ்சின் மவுண்ட், கூலன்ட் ஹோஸ், கதவு ஓரத்து ரப்பர், ஆயில் சீல் எல்லாமே அப்படித்தான். நான் வாங்கி இரண்டு மாதம் தினமும் ஓட்டியதும், அதுவரை சும்மா இறுகிப்போய் உட்கார்ந்திருந்த சீல்கள் ஒவ்வொன்றாகக் கசிய ஆரம்பித்தன. கூலன்ட் தொட்டி பிளாஸ்டிக், அதில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. டயர் ஒரு நூல் அளவுகூடத் தேயவில்லை என்று விற்றவர் பெருமையாகக் காட்டினார், உண்மைதான், ஆனால் டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் வரிசையின் கடைசி 4 இலக்கங்களை நான் படிக்கவில்லை. அதில் முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். என்னுடையதில் 9 வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தது. மழையில் ஒரு வளைவில் பின்பக்கம் வழுக்கியபோதுதான் குனிந்து பார்த்தேன்.

ஆக, முதல் 8 மாதத்தில் நான் கட்டியது என் செலவே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை நான் கட்டினேன். விலை ஏன் அவ்வளவு மலிவாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. இதே மாடலில் 90,000 ஓடிய வண்டி ஒன்றும் பார்த்தேன், கிட்டத்தட்ட அதே விலை, ஒரு தடிமனான ஃபைல் நிறைய பில் வைத்திருந்தார் அந்த ஓனர். கிளட்ச் எப்போது மாற்றியது, கூலன்ட் பம்ப் எப்போது, எந்தெந்தத் தேதியில் ஆயில், எல்லாமே இருந்தது. அதை விட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, செலவு எங்கே போகிறது என்று பார்ப்போம். டயரிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அது நிற்காமல் வந்துகொண்டே இருக்கும் செலவு. இந்த மாதிரிக் கார்களுக்குப் போடும் டயரின் ரப்பர் மென்மையானது. டயரிலேயே டிரெட்வேர் என்று ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள், சாதாரணக் குடும்பக் காரில் அது பெரும்பாலும் 400, 500 என்று இருக்கும், நன்றாகப் பிடிக்கும் ஸ்போர்ட்ஸ் டயர்களில் 200, 240, 300 என்று இறங்கிவிடும். எண் குறையக் குறையச் சீக்கிரம் தேயும். எனக்குப் பின் டயர் ஜோடி 14,000 கிலோமீட்டரில் முடிந்தது, நான் ஒன்றும் பந்தயம் ஓட்டவில்லை. பின் டயர் அகலம், முன் டயர் குறுகல், அதனால் முன்னே பின்னே மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டிக்கிற வித்தையும் நடக்காது. போதாததற்கு, வளைவில் பிடிமானம் வேண்டும் என்று சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து வைத்திருப்பார்கள், அதனால் உள் ஓரம் முதலில் தேயும். வெளியே நின்று பார்த்தால் டயர் நன்றாக இருக்கும், உள்ளே கம்பி தெரியும். மாதம் ஒரு முறை கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்.

பிரேக் பற்றி அதிகம் புலம்ப எதுவும் இல்லை. பேட் விலை கூடுதல், டிஸ்க் பெரியது, அதன் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அளந்து பார்த்துவிட்டு வாங்கலாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயிலுக்கு, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 டிகிரி என்பதுதான் தர அளவு. மலை இறக்கத்தில் இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், மலிவான வேலை. ஒன்றே ஒன்று, கார்பன் செராமிக் பிரேக் (இரும்புக்குப் பதில் கார்பன் கலந்த செராமிக் டிஸ்க்) உள்ள வண்டி மலிவாகக் கிடைத்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். போர்ஷே 2001ல் 911 ஜிடி2வில் கொண்டுவந்ததிலிருந்து பல கம்பெனிகளில் இது வந்துவிட்டது, சாதாரணச் சாலையில் ரொம்ப காலம் உழைக்கும்தான், ஆனால் சக்கரத்தைக் கழற்றும்போது யாராவது கவனக்குறைவாக இடித்து ஓரம் உடைந்தால் நாலு டிஸ்க் விலை பழைய காரின் விலையோடு போட்டி போடும்.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன், அது கூலி. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்பதை யாரோ ஸ்போர்ட்ஸ் காருக்கு சர்வீஸ் செய்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். என் வண்டியில் ஒரு ஆயில் சீல், உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் வளையம், விலை ஒரு பொருட்டே இல்லை, அதை எட்டுவதற்கு ஒன்றரை நாள் வேலை. காரணம் இந்தக் கார்களை வடிவமைத்தவர்கள் எடை எங்கே உட்கார வேண்டும் என்று யோசித்தார்கள், ஸ்பானர் எங்கே நுழையும் என்று யோசிக்கவில்லை. ஃபெராரியையே எடுத்துக்கொள்ளுங்கள், எஃப்355ல் டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட்) மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும், சில வருடத்துக்கு ஒரு முறை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். அடுத்து வந்த 360ல் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டைக் கழற்றினால் பெல்ட் கைக்கு எட்டும். அதற்கும் அடுத்த எஃப்430ல் பெல்ட்டே கிடையாது, செயின். வெளியே நிற்பவருக்கு மூன்றும் ஒரே மாதிரிச் சிவப்புக் கார், பில் கட்டுபவருக்கு மூன்றும் மூன்று வாழ்க்கை.

அதனால் ஒரு மாடலைப் பார்க்கும்போது எந்தப் பாகம் கெடும் என்று மட்டும் கேட்காமல், அதை எட்ட எதை எதைக் கழற்ற வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த கேள்வி, அதைக் கழற்றும்போது கூடவே வேறு என்ன மாற்றிவிடலாம். 1990களின் கடைசியில் வந்த போர்ஷே பாக்ஸ்டரிலும் 996 தலைமுறை 911லும் எஞ்சினுக்குள் சுழலும் ஒரு தண்டைத் தாங்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்று ஒன்று இருக்கிறது, எல்லா வண்டியிலும் உடையாது, உடைந்தால் எஞ்சினோடு போய்விடும். அதை மாற்ற கியர்பாக்ஸ் இறங்க வேண்டும். கிளட்ச் மாற்றவும் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் கிளட்ச் முடியும்வரை காத்திருந்து இரண்டையும் ஒரே கூலியில் முடித்துவிடுவார்கள். அதே தலைமுறை டர்போவிலும் ஜிடி3யிலும் எஞ்சின் வேறு, இந்தத் தலைவலியே இல்லை. வி8 எஞ்சின் வைத்து வந்த பிஎம்டபிள்யூ எம்3 ஓனர்கள் கனெக்டிங் ராட் பேரிங்கை (பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடத்துத் தாங்கியை) முன்கூட்டியே மாற்றிக்கொள்வதும் இதே மாதிரிக் கணக்குதான். இப்படிப் பேர் போன ஒரு கோளாறு இருப்பதே ஒரு மாடலை வேண்டாம் என்று சொல்லக் காரணம் ஆகாது. எல்லாருக்கும் தெரிந்த கோளாறு என்றால் அதற்கு ஒரு வழியும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். முந்தைய ஓனர் அதைச் செய்து வைத்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

ஆயில் மாற்றுவது பெரிய விஷயம் இல்லை என்று நினைப்பேன், ஆனால் சின்னக் காருக்கு 3, 4 லிட்டர் போதும், இந்த வகையில் பலவற்றுக்கு 8, 9 லிட்டர் வேண்டும், அதுவும் கம்பெனி சொன்ன கிரேடிலேயே. பரவாயில்லை, இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கம்பெனி சொல்லும் இடைவெளியில் பாதியிலேயே நான் மாற்றிவிடுகிறேன். மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்ப்பேன், உலோகத் துகள் மின்னுகிறதா என்று. மூன்று வருடமாக ஒன்றும் மின்னவில்லை, அந்த ஒரு நிமிடம் மட்டும் ஒவ்வொரு முறையும் பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி இருக்கும்.

மெக்கானிக் விஷயத்தில் ஒரு அடி வாங்கினேன். பெரிய இடம், பளபளவென்று தரை, பெயர் வேண்டாம். வண்டியின் அடியில் ஜாக் வைக்கும் இடம் தெரியாமல் வேறு எங்கோ வைத்துத் தூக்கி ஓரத் தகட்டை மடக்கிவிட்டார்கள், சக்கர போல்ட்டை நியூமேட்டிக் கன்னால் இறுக்கியதில் சக்கரம் திருடுபோகாமல் இருக்கப் போடும் லாக் போல்ட்டின் சாவி உடைந்தது, அதைச் சொல்லவும் இல்லை, இரண்டு மாதம் கழித்து டயர் மாற்றப் போனபோதுதான் தெரிந்தது. இப்போது போவது ஒரே ஒருவர் நடத்தும் சின்ன ஷெட். இந்த எஞ்சினைப் பத்துப் பதினைந்து முறை பிரித்துக் கோத்தவர். மணிக்கூலி பெரிய இடத்தைவிட ரொம்பக் குறைவு இல்லை, ஆனால் நாலு மணி நேர வேலைக்கு நாலு மணி நேரம்தான் எடுப்பார். "இது இன்னும் ஒரு வருடம் தாங்கும், இப்ப கை வைக்காதீங்க" என்று அவர் சொன்ன இடங்களிலேயே நான் மிச்சம் பிடித்தது அதிகம். காரைத் தேடும் முன் இப்படி ஒருவரைத் தேடியிருக்க வேண்டும்.

சின்னச் சின்னதாகச் சில. மூக்குப் பகுதியில் இரண்டு பக்கமும் ரேடியேட்டரும் ஏசி கன்டென்சரும் இருக்கும், அங்கே காய்ந்த இலை சேர்ந்து ஈரம் பிடித்து அரித்துவிடும், வருடத்துக்கு ஒரு முறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். ஓட்டாத வாரங்களில் பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜர் போட்டு வையுங்கள், வோல்டேஜ் குறைந்தால் சம்பந்தமே இல்லாத பத்து எச்சரிக்கை விளக்கு எரிந்து உங்களைக் கலங்கடிக்கும். எலி ஒயரைக் கடித்த கதையும் எனக்கு உண்டு, அதை இன்னொரு நாள் அழுகிறேன்.

வாங்கும் முன் பரிசோதனைக்கு ஆகும் பணத்தை வீண் என்று நினைத்தேன். சிலிண்டரில் அழுத்தம் சரியாக இருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன், லீக்டவுன் டெஸ்ட், சிலிண்டருக்குள் சின்ன கேமரா விட்டுச் சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது, பெயின்ட் தடிமன் அளப்பது, இதெல்லாம் அரை நாள் வேலை. சில கார்களின் கம்ப்யூட்டரில் எஞ்சினை எத்தனை முறை அளவுக்கு மீறிச் சுழற்றினார்கள் என்பதுகூடப் பதிவாகி இருக்கும். ஐந்தாவது கியருக்குப் பதில் மூன்றாவதைத் தட்டிய பழைய ஓனர் வாய் திறக்க மாட்டார், அந்தப் பதிவு காட்டிக் கொடுத்துவிடும். இதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பாகங்களின் விலை ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், கார் விலை இறங்கும், உதிரிபாக விலை இறங்காது. நான் கொடுத்தது நடுத்தரமான புதுக் குடும்பக் காரின் விலை, ஆனால் இது புதிதாக விற்றபோது இருந்த விலைக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர்தான் இதற்குள் இருக்கிறது. யானை மலிவாகக் கிடைத்தது என்று யானை குறைவாகத் தின்னுமா? இதில் விதிவிலக்கும் உண்டு. லோட்டஸ் எலிஸ் இரண்டாம் தலைமுறையில் பல வண்டிகளுக்கு டொயோட்டா எஞ்சின், எடையும் குறைவு, டயரும் பிரேக்கும் தேயவே நேரமாகும். கார்வெட்டின் வி8 பழைய பாணி, எளிமையான எஞ்சின், பாகம் தாராளமாகக் கிடைக்கும். மாதச் சம்பளத்தில் ஆசையைத் தீர்த்துக்கொள்ள நினைப்பவருக்கு நான் இவற்றைத்தான் காட்டுவேன், என்னுடையதை இல்லை.

செலவு மாதாமாதம் சீராக வராது, அதுதான் பலரைக் கவிழ்க்கிறது. எனக்கு ஒரு முறை 7 மாதம் பெட்ரோல் தவிர ஒரு பைசா செலவில்லை, எட்டாவது மாதம் கூலன்ட் பம்ப்பும் பின் டயரும் ஒரே வாரத்தில் வந்தன. கார் வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் என்ன கார் வருமோ அதை வாங்குங்கள். கடனில் வாங்கி, அதற்கு மேல் கிரெடிட் கார்டில் சர்வீஸ் செய்தால் அந்தக் காரைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விடும்.

5க்கு எத்தனை கொடுப்பேன் என்றால், ஓட்டுவதற்கு 5, வைத்துக்கொள்வதற்கு இரண்டரை. விற்கிற எண்ணம் இப்போதைக்கு இல்லை. போன வாரம் ரிவர்ஸ் எடுக்கும்போது கிளட்ச் லேசாக உதறியது. மெக்கானிக்கிடம் சொன்னேன், கியர்பாக்ஸை இறக்கினால் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல், பின்பக்க கிராங்க் சீல் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்துவிடலாம், பாகங்களை இப்போதே ஒவ்வொன்றாக வாங்கி வையுங்கள் என்றார். ரிலீஸ் பேரிங் நேற்று வந்து சேர்ந்தது, மேசை மேல் இருக்கிறது, வீட்டில் அது என்ன என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.