நடக்கும்போது தங்கம், நின்றால் வினை: மைலோவின் ஹெட் ஹால்டர்

நாய் இழுக்காமல் நடக்க அதன் மூஞ்சியில் மாட்டுகிற பட்டைதான் ஹெட் ஹால்டர். அதன் விலை ஆன்லைனில் இறங்கியிருக்கிறதாம். பட்டர்வொர்த்தில் இருக்கும் சித்தி மகள் லிங்க்கை அனுப்பிவிட்டு, "அக்கா, மைலோவுக்குப் போடுறீங்களே, நல்லாருக்கா? வாங்கட்டுமா?" என்று கேட்டாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். எனக்குத்தான் அந்த ஒரு வார்த்தை வர மாட்டேன் என்கிறது.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. அதில் சந்தேகமே வேண்டாம். என் மைலோ கம்போங் நாய், அதாவது நாட்டு நாய். நீண்ட மூஞ்சி, 24 கிலோ எடை, அதில் பாதி நெஞ்சும் கழுத்தும்தான். நாங்கள் இருப்பது பினாங்கு ஆயர் ஈத்தாமில், மலையடியில். குப்பைத் தொட்டியைக் கிளறக் குரங்குகள் இறங்கி வரும். லொங்காங்கில், அதாவது சாக்கடையில், பியாவாக் என்கிற உடும்பு ஓடும். பக்கத்து லோரோங்கில் (சந்தில்) யாரோ வளர்க்கிற சேவல் நடுரோட்டில் உலாத்தும். முதுகில் கொக்கி மாட்டுகிற ஹார்னஸ் (உடம்பைச் சுற்றுகிற பட்டை) போட்டிருந்த காலத்தில் இவை எல்லாவற்றுக்கும் என் வலது தோள்பட்டைதான் பதில் சொன்னது. அந்த ஹார்னஸ் பாரத்தை நெஞ்சு முழுக்கப் பரப்பிவிடுவதால் இழுப்பது நாய்க்கு வசதியாகப் போய்விடுகிறது. தோள்பட்டைக்கு பிசியோ பார்க்கப் போன இடத்தில், "நாயை யாராவது வேற ஆள் நடத்தட்டும்" என்றார்கள். வேற ஆள் யார் இருக்கிறார்கள்?

ஹால்டர் இருக்கும் இடம் வேறு. ஒரு பட்டை காதுக்குப் பின்னால் கழுத்தின் மேல்பக்கம் இறுக்கமாக நிற்கும். இன்னொன்று மூக்கைச் சுற்றி லூசாக ஒரு வளையம். லீஷ் மாட்டுவது தாடைக்குக் கீழே. நாய் முன்னால் பாய்ந்தால் மூக்கு நம் பக்கம் திரும்பும், மூக்கு திரும்பிய பக்கம்தான் உடம்பும் வந்தாக வேண்டும். குதிரைக்குப் போடுகிற அதே யோசனை. பிரிட்டனில் ரோஜர் மக்ஃபோர்ட் செய்த ஹால்டி, அமெரிக்காவில் கால்நடை மருத்துவர் ஆர். கே. ஆண்டர்சன், ரூத் ஃபாஸ்டர் இருவரும் செய்த ஜென்டில் லீடர், இந்த இரண்டுக்கும் பின்னால் வந்தவைதான் இன்று கடைகளில் தொங்குகிற பலதும். எனக்கு வரலாறு பெரிதில்லை. முதல் தடவை ஒழுங்காக நடந்து முடித்த அன்று வீட்டுக்கு வந்து தோசைக்கு வலது கையாலேயே மாவு கரைத்தேன். அது பெரிது.

இப்போது கஷ்டத்துக்கு வருவோம். வாங்கிய கடையில் இருந்த பையன் "ஈசி, ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே மைலோவின் மூஞ்சியில் மாட்டிவிட்டான். மைலோ முன்னங்கால் இரண்டையும் மூக்கில் வைத்துப் பிராண்டி, பின்பக்கமாக நகர்ந்து, கடைசியில் டைல்ஸில் உருண்டான். பத்து நிமிடத்தில் பழகிடும் என்றான் அந்தப் பையன். பழகவில்லை. அதற்கப்புறம் அந்தப் பட்டையை அலமாரியிலிருந்து எடுக்கிற சத்தம் கேட்டாலே சோபாவுக்குப் பின்னால் போய்விடுவான்.

ஆகவே பூஜ்யத்துக்கும் கீழிருந்து ஆரம்பித்தோம். அவித்த கோழி ஈரல், உப்பில்லாமல், சுண்டுவிரல் நகமளவு துண்டுகள். இடது கையில் மூக்கு வளையத்தை விரித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கையில் ஈரல், வளையத்துக்கு அந்தப் பக்கம். நாம் வளையத்தை மூஞ்சியில் மாட்டக் கூடாது, நாய்தான் ஈரலைத் தேடி மூக்கை உள்ளே விட வேண்டும். முதல் நாள் மைலோ கழுத்தை ஒட்டகம்போல் நீட்டி, கால்களைப் பின்னாலேயே ஊன்றிக்கொண்டு, உதட்டால் மட்டும் ஈரலைக் கவ்விக்கொண்டு போனான். சரி, அதுவும் கணக்குத்தான். மூக்கு கண்வரைக்கும் தானாக உள்ளே வரத் தொடங்கிய பிறகுதான் கழுத்துப் பட்டையின் கிளிப்பைத் தொட்டேன்.

கிளிப் போட்டவுடன் ஈரல், ஈரல், ஈரல், உடனே கழற்று. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: அவன் காலைத் தூக்கி மூக்கைப் பிராண்டுவதற்கு முன்னால் கழற்றிவிட வேண்டும். பிராண்டிய பிறகு கழற்றினால், பிராண்டினால் கழன்றுவிடும் என்று பாடம் படித்துக்கொள்வான். பிறகு சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது மட்டும் போட்டோம், லீஷ் இல்லாமல். அப்புறம் கார் போர்ச்சில் நாலு நடை. அதற்கும் அப்புறம்தான் கேட்டுக்கு வெளியே. அவசரப்படுகிறவர்களுக்கு இந்தச் சாமான் சரிப்படாது.

அளவு பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்துப் பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைந்தால் போதும். மூக்கு வளையம் மூக்கின் கறுப்புத் தோல் வரைக்கும் வழுக்கி வரலாம், கழன்று விழக் கூடாது. மாட்டியபடியே நாய் வாய் பிளந்து மூச்சு வாங்க, தண்ணீர் குடிக்க, கொட்டாவி விட முடிய வேண்டும். பினாங்கு வெயிலில் மூச்சு வாங்க முடியாத நாய் ஆபத்தில் இருக்கிற நாய். லீஷ் குட்டையாக இருக்கட்டும். நீண்டு சுருங்குகிற லீஷோடு இதைப் போடவே கூடாது, நாய் ஓடிப்போய் முட்டி நின்றால் கழுத்து வெட்டித் திரும்பும். நாமும் சுண்டி இழுக்கக் கூடாது. காலரோடு சேர்த்து இன்னொரு கொக்கி போட்டுக்கொள்வது நல்லது. ஒருநாள் குரங்கைப் பார்த்துப் பின்வாங்கிய மைலோ வளையத்திலிருந்து மூக்கை உருவிக்கொண்டான், காலர் கொக்கிதான் பிடித்து நிறுத்தியது. தங்கச்சி, உன் வீட்டில் இருக்கிற சப்பை மூக்கு பக் நாய்க்கு இதை யோசிக்காதே. அதற்கு வளையம் நிற்க மூக்கே கிடையாது. உன் பெரிய நாய்க்கு மட்டும் பேசு.

இவ்வளவும் நல்லபடியாக முடிந்தது. மைலோ ஏற்றுக்கொண்டான். இன்றைக்குப் பட்டையை நீட்டினால் தானே மூக்கை விடுகிறான். நடக்கும்போது அது மூஞ்சியில் இருப்பதையே மறந்துவிடுகிறான்.

நடக்கும்போது மட்டும்.

நின்றால் போச்சு. நான் நின்ற மறுகணம் அவனுக்கு மூக்கு ஞாபகம் வந்துவிடும். முதலில் என் முட்டியில் தேய்ப்பான். நான் கவனிக்காவிட்டால் பின்பக்கத்தைத் தூக்கியபடி மூஞ்சியை மட்டும் புல்லில் பதித்து உழுதுகொண்டே போவான். புல் இல்லாவிட்டால் தார். மழை பெய்த காலையில் அது சேறு, என் கைலியிலும் சேறு. கால் நகரும்வரை அவன் கவனம் வாசனையில் இருக்கிறது, கால் நின்றால் மூஞ்சியில் இருக்கிற நைலான் மட்டும்தான் மிச்சம். காரணம் எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன பிரயோஜனம்?

எங்கள் லோரோங்கில் நடை என்பது பாதி நடை, பாதி பேச்சு. காலை ஏழேகால் வாக்கில்தான் இங்கே விடியும். அந்த நேரத்தில் எதிர்வீட்டு ஆன்ட்டி வாசல் கூட்டுவார், மூலை வீட்டு மாமா பேப்பரோடு நிற்பார். யார் மகளுக்கு நிச்சயம், யார் பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான், எல்லாம் அந்த இருபது அடியில்தான் தெரியவரும். இப்போது நான் நகர்ந்துகொண்டே பேசுகிறேன். ஆன்ட்டி வாக்கியத்தை ஆரம்பிக்கும்போது அவர் கேட்டில் இருப்பேன், முடிக்கும்போது மூன்றாம் வீட்டில். "என்னம்மா, நாய்க்கு மூக்கணாங்கயிறு போட்டதிலேருந்து உனக்கும் கால் நிக்க மாட்டேங்குதே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தீபாவளிக்கு முன்னால் நடந்த ஒரு நிச்சயதார்த்தம் எனக்கு மட்டும் கடைசியில்தான் தெரியவந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

நிற்கும்போது உட்காரச் சொல்லி ஈரல் கொடு என்பார்கள். கொடுக்கிறேன். ஈரல் இருக்கும்வரை புத்தன், பை காலியானதும் பழைய உழவுதான். ஒரு கல்யாணக் கதைக்கு எத்தனை கோழி ஈரல் தேவை என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொரு பக்கம், முகத்தில் பட்டையைப் பார்க்கிற பலர் அதை வாய்க்கூடு என்றே நினைக்கிறார்கள். பின் லோரோங் மாக்சிக் (மலாய் அம்மா) ஒதுங்கி நின்று "கிகிட் கா?", கடிக்குமா என்று கேட்பார். கடிக்காது என்பேன், நிம்மதியாகப் போய்விடுவார். ஆனால் இது வாயைக் கட்டுவதில்லை. கடிக்க நினைக்கிற நாய் இதைப் போட்டுக்கொண்டே கடிக்கும். ரோட்வைலர், டாபர்மேன் மாதிரி இனங்களுக்கு வாய்க்கூடு போடச் சொல்கிற இடத்தில் இதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

பட்டையின் உள்பக்கம் மெத்தை இல்லாதது என்னுடையது. நம் ஊர் ஈரத்தில் நைலான் காயவே காயாது. மைலோவின் மூக்குத் தண்டில் அரிசியளவுக்கு ரோமம் தேய்ந்து தோல் தெரிகிறது. இப்போது ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அலசி, மின்விசிறிக்கு அடியில் போடுகிறேன்.

மதிப்பெண் கேட்டால், தோள்பட்டை ஐந்துக்கு ஐந்து கொடுக்கும். நான் இன்றைக்கு இரண்டு கொடுப்பேன். காலையில்தான் மூலை வீட்டு மாமா ஏதோ முக்கியமாகச் சொல்ல வாயெடுத்தார், மைலோ அவர் செருப்பின் மேலேயே மூஞ்சியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். வாங்காதே தங்கச்சி. நெஞ்சில் கொக்கி இருக்கிற ஹார்னஸ் ஒன்றை முதலில் போட்டுப் பார். அது இவ்வளவு திருப்பாது, ஆனால் நின்று பேசலாம்.

அந்த லிங்க்கில் மெத்தை வைத்த எல் சைஸ் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை நான் ஆர்டர் செய்துவிட்டேன்.