சினமனா, காஸ்மிக்கா?

இரண்டும் லினக்ஸ் டெஸ்க்டாப்புகள், அதாவது திரையில் மெனு, பட்டை, சாளரங்களைக் காட்டும் மென்பொருள்கள். 2011இல் இன்னொரு டெஸ்க்டாப்பான க்னோமின் 3ஆம் பதிப்பு வந்ததும், பழகிய மெனுவும் கீழ்ப்பட்டையும் பறிபோனதாகப் பலர் கொதித்தார்கள். லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் குழு, க்னோம் 3இன் திரைமுகமான க்னோம் ஷெல்லின் நிரலையே எடுத்துத் திருத்தி சினமனைக் கொண்டுவந்தது. 2013இல் வந்த 2.0 பதிப்பில்தான் அது தனி டெஸ்க்டாப்பாக நின்றது. நிதானமான வழி. விண்டோஸிலிருந்து வருகிறவருக்கு நான் இன்றும் இதைத்தான் போட்டுக் கொடுப்பேன். ஆனால் பழைய அடித்தளத்தின் சுமை உண்டு: சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலேண்டுக்கு ஆதரவு 2023 இறுதியில்தான், அதுவும் சோதனை நிலையில் வந்தது.

பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தயாரிக்கும் கணினி நிறுவனமான சிஸ்டம்76 எடுத்தது துணிச்சலான முடிவு. முதலில் அதன் காஸ்மிக்கும் க்னோமின் மேல் ஒட்டிய நீட்சிகள்தான். க்னோம் மாறும்போதெல்லாம் நீட்சிகளைச் சரிசெய்தே நேரம் போகும். அதனால் எல்லாவற்றையும் ரஸ்ட் மொழியில், வேலேண்டுக்கென்றே புதிதாக எழுதினார்கள். முதல் ஆல்ஃபா (ஆரம்பச் சோதனைப் பதிப்பு) 2024 ஆகஸ்டில் வெளியானது. சாளரங்களைத் தானாக அடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. எனக்கு இது ஒன்றே போதும்.

2017இல் உபுண்டு தன் சொந்த டெஸ்க்டாப்பான யூனிட்டியைக் கைவிட்டது நினைவிருப்பதால், காஸ்மிக்கும் அப்படி ஆகுமோ என்ற பயம் நியாயமே. ஆனாலும் கணினி விற்று வாழும் நிறுவனத்துக்குத் தன் திரை தன் கையில் இருப்பது அவசியம். என் வேலைக்கணினியில் காஸ்மிக்தான்.