‘ஏ கிளாஸ்’ என்ற எழுத்தை நம்பித் திட்டக் குடுவை வாங்குவோர் கவனத்திற்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் வட்டாரத்துப் பள்ளி, கல்லூரிகளுக்கு வெளியூரிலிருந்து வந்து ஆய்வகப் பொருள்களுக்கு ஆர்டர் எடுத்துச் செல்லும் ஒரு விற்பனையாளர், எங்கள் வேதியியல் துறைக்குத் தரக்குறைவான 250 மி.லி. திட்டக் குடுவைகளை (கழுத்திலுள்ள கோடு வரை நிரப்பினால் குறித்த அளவு துல்லியமாக இருக்க வேண்டிய குடுவைகள்) கொடுத்து ஏமாற்றிவிட்டார். அவர் இன்னமும் இதே பக்கத்தில் வந்துபோவதாகக் கேள்விப்படுவதால், கண்ணாடிப் பொருள்கள் வாங்கவிருக்கும் ஆசிரியர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

அவர் தந்த விலைப்புள்ளியில் ‘ஏ கிளாஸ், போரோசிலிகேட், சான்றிதழுடன்’ என்று இருந்தது. ‘ஏ கிளாஸ்’ என்பது அளவில் மிகத் துல்லியமான ‘ஏ’ வகுப்பு; போரோசிலிகேட் என்பது வெப்பத்தில் அதிகம் விரியாத கண்ணாடி. பொருளோடு வந்த பில்லில் ‘கண்ணாடிக் குடுவை 250’ என்று மட்டுமே இருந்தது. தரமும் இல்லை, தயாரிப்பாளர் பெயரும் இல்லை. திருத்திய பில்லை அடுத்த முறை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், அதைக் கொண்டுவரவே இல்லை.

குடிநீரின் கடினத்தன்மையை இடிடிஏ (கால்சியத்தோடு இணையும் வேதிப்பொருள்) கொண்டு கணக்கிடும் சோதனையில்தான் சந்தேகம் எழுந்தது. 0.25 கிராம் கால்சியம் கார்பனேட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து 250 மி.லி. ஆக்கினால், கரைசலின் ஒவ்வொரு மி.லி.யிலும் ஒரு மில்லிகிராம் இருக்க வேண்டும். ஒரே புட்டி இடிடிஏவை வைத்து 20 மி.லி. கரைசலுக்கு எவ்வளவு இடிடிஏ செலவாகிறது என்று தரம் பார்த்தபோது, பழைய குடுவையில் தயாரித்ததற்கு 20.0 மி.லி., புதியவற்றில் ஒன்றுக்கு 20.2, இன்னொன்றுக்கு 19.9 என்று பியூரெட் (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்) காட்டியது. மாணவர்களின் கைப்பிழையாக இருக்கலாம் என்று நானே மூன்றையும் திரும்பச் செய்தேன். ஆளும் மாறவில்லை, பிப்பெட்டும் மாறவில்லை, முடிவுகளும் மாறவில்லை.

அதன் பிறகு குடுவையின் கழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே சேர வேண்டிய வளையக் கோடு, சேராமல் ஏறத்தாழ இரண்டு மி.மீ. மேலே போய் முடிந்திருந்தது. உள்விட்டம் 15 மி.மீ. உள்ள கழுத்தில் இரண்டு மி.மீ. உயரம் என்பது சுமார் 0.35 மி.லி. ஐஎஸ்ஓ 1042 என்ற பன்னாட்டுத் தர அளவின்படி 250 மி.லி. ஏ வகுப்புக் குடுவைக்கு அனுமதிக்கப்படும் பிழையே கூடுதலாகவோ குறைவாகவோ 0.15 மி.லி.தான். கோட்டின் எந்த முனைக்கு நீரை நிரப்புவது என்பதிலேயே அந்த அனுமதி இரண்டு மடங்குக்கு மேல் கரைந்துவிடுகிறது. நகத்தால் கீறியதும் கோட்டின் வெள்ளைப் பூச்சு தூளாக உதிர்ந்தது. ‘ஏ’ என்ற எழுத்தும் அதே பூச்சுதான். மூடியைப் போட்டுக் கவிழ்த்தால் விளிம்பில் நீர் கசிந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பித்தளைக் குத்துவிளக்கு வாங்குகிறவர்கூட அடியைத் திருப்பிப் பார்த்துத் தட்டிப் பார்த்துத்தான் விலை பேசுகிறார். ஆய்வகப் பொருள்களை மட்டும் நாம் பட்டியலைப் பார்த்தே வாங்குகிறோம்.

கண்ணால் பார்த்ததோடு விடாமல் எடையும் போட்டோம். நன்றாக உலர்ந்த குடுவையை மூடியோடு எடை பார்த்து, அறை வெப்பநிலைக்கு வந்துவிட்ட வாலை வடிநீரைப் பிறைவளைவின் (நீரின் வளைந்த மேற்பரப்பின்) அடி கோட்டைத் தொடும் வரை நிரப்பி, கோட்டுக்கு மேல் ஒட்டியிருக்கும் துளிகளை வடிதாள் துண்டால் ஒற்றியெடுத்துவிட்டு மறுபடியும் எடை பார்க்க வேண்டும். காற்றின் மிதப்பு விசையையும் கணக்கில் கொண்டால், 30 டிகிரியில் ஒரு மி.லி. நீர் 0.9946 கிராம் எடை காட்டும். எனவே 250 மி.லி.க்கு 248.65 கிராம் வர வேண்டும். ஒரு குடுவையில் 246.8 கிராமும் இன்னொன்றில் 250.1 கிராமும் வந்தன. அதாவது ஒன்று 248.1 மி.லி. கொள்கிறது, மற்றொன்று 251.5 மி.லி. கொள்கிறது. எங்கள் செய்முறைத் தேர்வில் இரண்டு சதவீதப் பிழைக்குள் இருந்தால்தான் முழு மதிப்பெண். இந்த இரண்டு குடுவைகளுக்கு இடையிலேயே ஏறத்தாழ 1.4 சதவீத வேறுபாடு இருக்கும்போது, யார் கையில் எது கிடைக்கிறது என்பதே மதிப்பெண்ணைத் தீர்மானித்துவிடும்.

விற்பனையாளரிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, “உங்க ஊர் வெயிலுக்குக் கண்ணாடி விரியும் மேடம், அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?” என்றார். வேதியியல் துறைக்கே இந்தப் பதிலைச் சொல்லும் துணிச்சலை வியக்கத்தான் வேண்டும். உண்மையான போரோசிலிகேட் 3.3 கண்ணாடியென்றால், வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தாலும் 250 மி.லி. குடுவையின் கொள்ளளவு சுமார் 0.025 மி.லி.தான் கூடும். கூடுவது சரி, இன்னொரு குடுவை குறைந்தது எந்த வெயிலில் என்று கேட்டேன். பேச்சு உடனே “கண்ணாடிப் பொருளைத் திரும்ப எடுக்கிறதில்ல மேடம்” என்பதற்குத் தாவிவிட்டது.

சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாக் குடுவைகளுக்கும் ஒரே தாளின் நகலைத்தான் கொடுத்திருந்தார். அதிலிருந்த வரிசை எண் எந்தக் குடுவையிலும் பொறிக்கப்படவில்லை. எந்த ஆய்வகம் அளந்தது என்ற விவரமோ, எந்த வெப்பநிலைக்கான அளவு என்ற குறிப்போ இல்லை. குடுவையிலேயே 20 டிகிரி அல்லது 27 டிகிரி என்ற குறிப்பு, பிழை வரம்பு, தயாரிப்பாளர் குறி ஆகியவை இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சரக்கை இறக்கவிடாதீர்கள். பில்லில் ‘ஏ வகுப்பு’ என்று எழுதாமல் பணத்தையும் விடுவிக்காதீர்கள், ஏனென்றால் பின்னால் புகார் எழுதும்போது விலைப்புள்ளியைவிடப் பில்லைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகப் புகார் பதிவு செய்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. அந்தக் குடுவைகளைத் தனியே கட்டி, ‘அளவுக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதி ஒட்டி, சாட்சிக்காக வைத்திருக்கிறோம். இதே விற்பனையாளரிடம் வாங்கிய பள்ளிகள் பக்கத்தில் இருந்தால், குடுவைகளை நன்றாக உலர்த்தி, அவற்றின் மூடிகளோடு எடுத்து வாருங்கள். எங்கள் தராசிலேயே எடை போட்டு, கணக்கை எழுதித் தருகிறோம், உங்கள் புகாரோடு அதையும் இணைத்துக்கொள்ளலாம்.